டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கும் சப்ளிமெண்ட்கள்: என் தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வந்த கதை

கற்பூரவள்ளி

பத்து நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யாரோ சொன்னார்கள் என்று பயோட்டின் மாத்திரை வாங்கினேன். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். அதாவது 10,000 மைக்ரோகிராம். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவே 30 மைக்ரோகிராம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பினேன்.

அப்புறம் முடி ஏன் கொட்டுகிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 உச்சத்தில், தைராய்டைத் தூண்டிவிடும் ஆன்டிபாடியும் பாசிட்டிவ். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றார் டாக்டர், தைராய்டை அடக்கும் மாத்திரையும் எழுதிவிட்டார். எனக்கோ படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போன இடத்தில் மருந்தாளுநர் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? முடிக்கு, தோலுக்கு, அப்படி ஏதாவது?"

பயோட்டினை நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் இயல்பு. எனக்குத் தைராய்டு பிரச்சினையே இல்லை. இல்லாத நோய்க்கு, ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடிய ஒரு மருந்தை இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். "என்ன மருந்து எடுக்கிறீர்கள்" என்று படிவத்தில் இருந்த கேள்விக்கு "எதுவுமில்லை" என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். பயோட்டின் ஒரு மருந்து என்று என் மனதுக்குத் தோன்றவே இல்லை. இங்கே மூலிகை, வைட்டமின், பொடி, எண்ணெய் என்று நிறையப் பேர் எடுக்கிறீர்கள், நானும் எடுக்கிறேன், அதை விடச் சொல்லப் போவதில்லை. நீங்கள் என்ன எடுக்கிறீர்கள், உங்கள் டாக்டருக்கு அது தெரியுமா என்று மட்டும் எழுதுங்கள்.

ஆய்வகத்தேனீ

நான் லேபில் வேலை செய்கிறவன். அக்கா சொன்னது அப்படியே உண்மை, இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன்.

ஹார்மோன் பரிசோதனைகள் பலவற்றில் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்தால் விடாது, அவ்வளவு இறுக்கம். உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் அது முந்திக்கொண்டு அந்தப் பசை இடங்களை அடைத்துவிடும். டிஎஸ்ஹெச் போன்ற பரிசோதனைகள் ஒரு வகை, அதில் பசை அடைபட்டால் எண் பொய்யாகக் குறையும். ஃப்ரீ டி4 இன்னொரு வகை, அதில் பொய்யாகக் கூடும். கிரேவ்ஸ் ஆன்டிபாடியும் இந்த இரண்டாம் வகையில் செய்தால் பொய்யாகக் கூடும். மூன்றும் சேர்ந்து ஒரே நோயைச் சுட்டும்போது யாருக்கும் சந்தேகம் வராது. டாக்டர் தடுமாறியது அதனால்தான்.

இதைவிடப் பயமான ஒன்று இருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் சில கருவிகளில் இதே முறைதான், பயோட்டின் இருந்தால் பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது, அப்படித் தவறிப்போன ஒரு மரணத்தையும் அதில் குறிப்பிட்டிருந்தது. எல்லாக் கருவிகளும் இப்படி இல்லை, பல நிறுவனங்கள் முறையை மாற்றிவிட்டன. ஆனால் உங்கள் ரத்தம் எந்தக் கருவிக்குள் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். மிக அதிக அளவு எடுப்பவர்கள் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வேர்மணம்

கற்பூரவள்ளி, நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இப்படி ஒரு இழை தொடங்கினால் கடைசியில் "மூலிகை எல்லாம் ஆபத்து" என்று முடியும், அதுதான் எனக்கு வருத்தம். இருபது வருடமாக மூலிகைகளோடு இருக்கிறவன் நான், அதனால் சொல்கிறேன்.

மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்தது. சீனாவின் து யூயூ அதற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார். செடியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. கே ஹொங் என்பவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகுதான் சூட்டில் மருந்து கெட்டுப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது, குறைந்த சூட்டில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார், வேலை செய்தது. பழைய அறிவு வழியைக் காட்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின்கூட கலேகா என்ற செடியில் இருந்த பொருளைப் பின்பற்றி உருவானதுதான். வில்லோ மரப்பட்டையின் தொடர்ச்சிதான் ஆஸ்பிரின்.

செடியில் மருந்து இருக்கிறது. அதை மதிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாத்திரைப்பெட்டி

வேர்மணம் ஐயா, நீங்கள் சொன்ன மூன்று உதாரணமும் நான் சொல்ல வந்ததைத்தான் சொல்கின்றன. செடியில் மருந்து இருக்கிறது என்றால் அதற்கு அளவு இருக்கிறது, பக்கவிளைவு இருக்கிறது, இன்னொரு மருந்தோடு மோதவும் செய்யும். "மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த மூலிகையில் ஒன்றுமே இல்லை என்றுதான் பொருள்.

நான் மருந்தாளுநர். என் மேசைக்கு முன்னால் நிற்பவர்களிடம் தினமும் நான் பயப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. லேசான, மிதமான மனச்சோர்வில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் மருந்துகளை உடைக்கிற கல்லீரல் நொதியை அது முடுக்கிவிடும். விளைவு, கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள் ரத்தத்தில் தங்காமல் சீக்கிரம் வெளியேறும். கருத்தடை மாத்திரை எடுப்பவருக்குக் கரு தங்கலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, வைத்த உறுப்பையே உடம்பு நிராகரிக்கலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் பலன் குறையும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே ஆங்கில மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறிப் போய் ஆபத்தாகும்.

பெட்டியின் மேல் பச்சை இலைப் படம் போட்டிருப்பதால் வாங்குகிறவர் இதை ஒரு தேநீர் மாதிரி நினைத்துக்கொண்டு போகிறார்.

தென்றல்வீடு

அப்பாவின் கதையைச் சொல்கிறேன். வறட்டு இருமலுக்கு நல்லது என்று அதிமதுரப் பொடியை வெந்நீரில் கலந்து நாளைக்கு மூன்று வேளை குடித்தார். இருமல் குறைந்தது, அதனால் விடாமல் இரண்டு மாதம் குடித்தார். நடுவில் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், குறையவில்லை. ஒரு நாள் காலை கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கால் வரவில்லை. பக்கவாதமோ என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, இருக்க வேண்டியது 3.5-க்கு மேல்.

பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர், "ஐயா, லிக்கோரைஸ் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றார். அந்தப் பெயர் அப்பாவுக்குப் புரியவில்லை, இல்லை என்று தலையாட்டினார். எனக்கும் உடனே பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் "இனிப்பாக ஒரு வேர்" என்று சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கவைக்கும் நொதியைத் தடுக்குமாம். அப்போது கார்ட்டிசால் அங்கே வேறொரு ஹார்மோனைப் போல நடந்து உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அழுத்தம் ஏன் ஏறியது, கால் ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டுக்கும் அதுவே காரணம். நிறுத்தி, பொட்டாசியம் ஏற்றி, சில வாரத்தில் அப்பா பழையபடி ஆகிவிட்டார்.

தொண்டைக் கரகரப்புக்கு நாலு நாள் எடுத்தவருக்கு இப்படி ஆகாது. மாதக்கணக்கு, மூன்று வேளை, ஏற்கெனவே ரத்த அழுத்தம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வினை. இந்த இழையைப் படிக்கும் யாராவது வீட்டில் பெரியவருக்கு அழுத்தம் காரணமில்லாமல் ஏறினால் இதைக் கேட்டுப் பாருங்கள், தயவுசெய்து. கேட்கும்போது அவர்களுக்குப் பழக்கமான பெயரில் கேளுங்கள்.

கேள்விக்குறி

நல்ல இழை. நான் உடற்பயிற்சி செய்கிறவன், மூட்டு வலிக்கு மஞ்சள் சாறு கேப்சூல் எடுக்கிறேன், மிளகுச் சத்து சேர்த்தது. காலை இரண்டு, இரவு இரண்டு. கொழுப்பு குறைய கிரீன் டீ சாறு மாத்திரையும் உண்டு. மூன்று மாதம் ஆகிறது, மூட்டுக்கு நல்ல பலன். மஞ்சளில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது? இரண்டு வாரமாகக் கொஞ்சம் சோர்வு, உடம்பு அரிப்பு, சிறுநீர் அடர்நிறமாகப் போகிறது, தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் இருக்கும். கேட்க வந்தது வேறு, கிரியேட்டின் சேர்க்கலாமா?

மாத்திரைப்பெட்டி

தம்பி, கிரியேட்டினை அப்புறம் பேசலாம். அந்த இரண்டு சாறுகளையும் இந்த நிமிடமே நிறுத்துங்கள். இன்றைக்கே போய்க் கல்லீரல் பரிசோதனை எடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அரிப்பு, சோர்வு, அடர்நிறச் சிறுநீர் மூன்றும் சேர்ந்தால் கல்லீரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியோ மனக்குழப்பமோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ பாராசிட்டமால் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்விக்குறி

சரி அண்ணா, போகிறேன். பயமாக இருக்கிறது. குப்பிகளையும் எடுத்துப் போகிறேன்.

ஆய்வகத்தேனீ

தம்பி போய்விட்டு வரட்டும். அதற்குள் மற்றவர்களுக்காக, மஞ்சள் என்றால் என்ன ஆபத்து என்று அவர் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதே கேள்வி இருக்கும்.

மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. அதனால் சாப்பாட்டில் சேரும் மஞ்சளால் ரத்தத்துக்குப் போகும் குர்குமின் மிகக் குறைவு. கேப்சூல் செய்கிறவர்கள் இந்தத் தடையை உடைக்கத்தான் முழு முயற்சியும் செய்கிறார்கள். குர்குமினைத் தனியாகப் பிரித்துச் செறிவாக்குகிறார்கள், மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் 2,000 சதவீதம் கூடுகிறது என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள், 1998-ல் வந்த ஒரு சிறிய ஆய்வின் எண் அது. விளம்பரம் அதைப் பெருமையாகப் போடுகிறது. நான் அதை எச்சரிக்கையாகப் படிக்கிறேன். பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ராப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும்.

அமெரிக்காவில் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுக்கும் குழு, மஞ்சள் சப்ளிமெண்ட்டால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. அதில் 7 பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. பொதுமக்களில் சிறு பங்கினரிடம்தான் அது உண்டு. ஆக, இது எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்கு மட்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பிவிடுகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. கிரீன் டீ சாற்றிலும் இதே மரபணு வகையைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல், ஈஜிசிஜி என்ற கிரீன் டீ சத்தைச் சப்ளிமெண்ட்டாக நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுவதைக் குறிப்பிட்டது. கோப்பையில் குடிக்கும் கிரீன் டீயைப் பற்றி அந்தக் கவலை இல்லை.

வேர்மணம்

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மூலிகையை நேசிக்கிறவன்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். செடியை முழுதாகப் பயன்படுத்துவது ஒன்று, அதன் ஒரு பொருளை உருவி நூறு மடங்கு செறிவாக்கி விழுங்குவது வேறொன்று. இரண்டையும் "இயற்கை" என்ற ஒரே சொல்லால் விற்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து இனி யாரும் என்னிடம் வாதாட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக் குறைப்புக்குக் கொடுத்த மூலிகை மாத்திரையால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சேர்க்க வேண்டிய மூலிகை ஒன்று, சேர்த்தது வேறொன்று. சீன மொழியில் இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, ஃபாங் ஜி என்று முடியும். உள்ளே போனது அரிஸ்டலோக்கியா, அதன் அமிலம் சிறுநீரகத்தைத் தின்றுவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவழைக்கும். பெயர்க் குழப்பம் ஒன்றால் அத்தனை பேர். பொடியாகிவிட்ட மூலிகையைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண என்னாலும் முடியாது. இலையாக, வேராக இருக்கும்வரைதான் எனக்குத் தெரியும்.

இரவுப்பறவை

இத்தனை நாள் படிக்க மட்டுமே வந்தேன், இப்போது கேட்கத் தோன்றுகிறது. எனக்கு 29 வயது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் தூக்கம். ஹீமோகுளோபின் 11.4, "லேசான குறைவு, கீரை சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கீரை சாப்பிட்டுவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. இரும்புச்சத்து மாத்திரை நானே வாங்கிச் சாப்பிடலாமா?

ஆய்வகத்தேனீ

முதலில் ஃபெரிட்டின் பாருங்கள். உடம்பின் இரும்பில் ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் பணம் என்றால் ஃபெரிட்டின் சேமிப்புக் கணக்கு. கணக்கு காலியான பிறகுதான் கைப்பணம் குறையத் தொடங்கும். உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால் நோயில்லாத நாளில் கொடுங்கள்.

கீரையைப் பற்றி வருத்தப்படாதீர்கள், அது உங்கள் தவறில்லை. செடிகளில் இருக்கும் இரும்பைக் குடல் குறைவாகத்தான் எடுக்கும். இறைச்சியில் இருக்கும் ஹீம் இரும்பை நன்றாக எடுக்கும். செடி உணவோடு எலுமிச்சை, நெல்லி மாதிரி வைட்டமின் சி உள்ளது ஏதாவது சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும், சாப்பிட்ட கையோடு டீ காபி குடித்தால் குறையும். ஆனால் சேமிப்பு காலியான பிறகு உணவால் மட்டும் நிரப்புவது கடினம், மாத்திரை வேண்டியிருக்கும்.

மாத்திரைப்பெட்டி

இரும்பு மாத்திரையில் நிறையப் பேர் வயிற்றைப் புரட்டுகிறது என்று பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள், அதனால் இதையும் கேளுங்கள். ஒரு டோஸ் இரும்பு போனதும் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவைக்கிறது. அடுத்த நாளும் விழுங்கினால் அதில் பெரும்பகுதி உள்ளே போகாமல் குடலில் தங்கி மலச்சிக்கலும் புரட்டலும் தரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்த பெண்களில் ஒவ்வொரு டோஸிலிருந்தும் உறிஞ்சப்பட்ட பங்கு கூடுதலாக இருந்தது என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், கால்சியத்துக்கும் அப்படியே.

நீங்களே வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். இரும்பு ஏன் குறைந்தது என்பதுதான் பெரிய கேள்வி. மாதவிடாய் அதிகமா, குடல் உறிஞ்சவில்லையா, எங்காவது தெரியாமல் ரத்தம் போகிறதா. காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை போட்டால் எண் ஏறும், காரணம் உள்ளேயே இருக்கும். இந்த இழையை ஆண்கள் படித்தால், மாதவிடாய் இல்லாத உங்களுக்கு இரும்பு குறைந்தால் அதை இன்னும் கூடுதலாகக் கவனியுங்கள். மாத்திரை வாங்கினால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தான விஷம்.

தென்றல்வீடு

அம்மாவைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். பதினோரு வருடமாக மெட்ஃபார்மின். சைவம். ஒரு வருடமாகப் பாதத்தில் எரிச்சல், மரத்துப்போவது. சர்க்கரையால் வருவது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி கொடுக்கிறேன், அதில் பி12 இருக்கிறது என்று போட்டிருந்தது.

மாத்திரைப்பெட்டி

பி12 ரத்தத்தில் எவ்வளவு என்று உடனே பாருங்கள். மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையும், சைவம் என்றால் வரவும் குறைவு, இரண்டும் சேர்ந்திருக்கிறது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோற்றமளிக்கும் வேறு பொருள், நம் உடம்புக்கு அது உதவாது. பெட்டியில் எண் போட்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

ரத்தசோகை இருக்கிறது என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் சரியாகிவிடும், பார்ப்பவர்களுக்கு எல்லாம் சீராகிவிட்டது போலத் தெரியும், ஆனால் பி12 இல்லாமல் நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நரம்பு அதிக நாள் கெட்டால் முழுதாகத் திரும்பாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம், அது தேவையான மருந்து.

கற்பூரவள்ளி

ஃபோலிக் அமிலம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த இழை பயமுறுத்துவது மட்டுமாக இருக்கக் கூடாது. ஒரு சப்ளிமெண்ட் உலகத்தையே மாற்றியதும் உண்டு. கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் போகும் குறைக்கு, முன்பு அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் தலைமையிலான ஆய்வு 1991-ல் வெளியானது, 72 சதவீதம் குறைந்தது. இன்று கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் எல்லோரையும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் தாமதம், ஏனென்றால் அந்தத் தண்டு முதல் நாலு வாரத்திலேயே மூடிவிடுகிறது. என் தங்கைக்கு நான் கல்யாணமான உடனே இதைச் சொன்னேன்.

அதே சமயம் பீட்டா கரோட்டின் கதையும் உண்டு. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். அப்படியானால் மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று பின்லாந்தில் புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது, மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அதிலும் அதே போக்கு. நியாயமாகப் பட்ட யோசனைதான், நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். காய்கறியில் இருக்கும் ஒன்றைத் தனியாக உருவினால் காய்கறி செய்ததை அது செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேர்மணம் ஐயா மேலே சொன்னதும் இதுதானே.

வேர்மணம்

ஆமாம் அம்மா.

இந்த இழையைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு வேலை செய்தேன். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இதுவரை நோயைப் பற்றி மட்டும் கேட்பேன். நேற்று வந்த ஒருவரிடம், "ஆங்கில மருந்து என்னென்ன எடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்றேன். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்தார், ஆறு வகை, அதில் வார்ஃபரினும் ஒன்று. சொன்னால் நான் கோபப்படுவேன் என்று மறைத்திருந்தாராம். டாக்டரிடம் மூலிகையை மறைக்கிறார்கள், எங்களிடம் மருந்தை மறைக்கிறார்கள். அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. தான் எடுக்கும் பூண்டுச் சாறு கேப்சூலை அவருடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

தென்றல்வீடு

அம்மாவின் பி12 வந்துவிட்டது, 118. லேபில் 200-க்குக் கீழே குறைவு என்று போட்டிருக்கிறார்கள். ஊசி தொடங்கியாயிற்று. எரிச்சல் போக மாதங்கள் ஆகலாம், மரத்துப்போனது எவ்வளவு திரும்பும் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மாத்திரைப்பெட்டி அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கேள்விக்குறி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே போனேன். கல்லீரல் நொதியான ஏஎல்டி 860, இயல்பாக 40 வாக்கில் இருக்க வேண்டியது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 5.2, கண் மஞ்சளாகத்தான் இருந்தது, கண்ணாடியில் தினமும் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் மருத்துவமனையில். ஹெபடைட்டிஸ் கிருமிகள் எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. இரண்டு சாறுகளையும் நிறுத்தியது தவிரப் பெரிய சிகிச்சை எதுவும் செய்யவில்லை, தினமும் ரத்தம் எடுத்துக் கண்காணித்தார்கள். ஏஎல்டி இரண்டு வாரத்தில் 310, நாலு வாரத்தில் 95, நேற்று 41.

எது காரணம், மஞ்சளா கிரீன் டீயா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியதால் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பதும் கூடாது, அது உயிருக்கே ஆபத்து என்றார். இனி வாழ்நாள் முழுவதும் இரண்டு சாறும் வேண்டாம் என்று என் கோப்பில் எழுதிவிட்டார்கள். என் அண்ணனும் அதே குப்பியிலிருந்துதான் எடுத்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டில் மஞ்சள் சேர்க்கலாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அண்ணா அன்று "நாளைக்கு என்று தள்ளாதீர்கள்" என்று எழுதியிருக்காவிட்டால் கிரியேட்டினையும் வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன்.

ஆய்வகத்தேனீ

தம்பி, மனது லேசானது. குப்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் வையுங்கள், அடியில் தொகுதி எண் இருக்கும். உங்கள் டாக்டர் இதை மருந்துப் பக்கவிளைவாகப் பதிவு செய்தாரா என்று கேளுங்கள், அந்த எண் அதற்கு வேண்டும்.

கேள்விக்குறி

இருக்கிறது. இரண்டு குப்பியின் லேபிளையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபரிசோதனைக்குப் போகும்போது கொடுக்கிறேன்.

இரவுப்பறவை

ஃபெரிட்டின் 6. டாக்டர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் எழுதியிருக்கிறார். படிவத்தில் "வேறு என்ன எடுக்கிறீர்கள்" என்ற இடத்தில் முடிக்கு எடுக்கும் மாத்திரையையும் எழுதினேன், அதில் 5 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. அவர் படித்துவிட்டுத் தைராய்டு பரிசோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்.